வீட்டுக்குள் ஒரு நெட்வொர்க்... பார்த்துக்கொள்வது யார்?

தாம்பரம் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு. இரவு பத்தரை மணி. பத்தாம் வகுப்பு படிக்கும் பெண், மறுநாள் காலை பள்ளியில் கொடுக்க வேண்டிய அறிவியல் புராஜெக்ட்டை லேப்டாப்பில் திறந்து வைத்திருக்கிறாள். புத்தக அலமாரிக்கு மேலே பிரின்டரில் பச்சை விளக்கு எரிகிறது. தட்டில் பேப்பர் இருக்கிறது. இங்க் டேங்க்கில் நான்கு நிறமும் முக்கால் அளவுக்கு நிற்கிறது. ‘பிரின்ட்’ கொடுக்கிறாள். திரையில் ‘ஆஃப்லைன்’ என்று வருகிறது.

அம்மா பிரின்டரை அணைத்துப் போடுகிறார். அப்பா ஹாலுக்குப் போய் ரூட்டரை அணைத்துப் போடுகிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் வீடியோ காலில் வந்து, “எந்த லைட் எரியுதுன்னு காட்டு” என்கிறான். அதற்குள் இவள் நான்கு முறை ‘பிரின்ட்’ கொடுத்துவிட்டாள். நான்கும் வரிசையில் நிற்கின்றன, ஒன்றும் நகரவில்லை. கடைசியில் அப்பா பைக் சாவியை எடுத்துக்கொண்டு, ஷட்டர் இறக்காத ஜெராக்ஸ் கடை ஏதாவது கண்ணில் படுமா என்று பார்க்கக் கிளம்புகிறார்.

மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் கரன்ட் போய் வந்தது. நடந்தது அவ்வளவுதான். அதையும் இதையும் அந்த வீட்டில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

தெருப் பெயரை மாற்றினால் சேலத்திலும் நாகர்கோவிலிலும் நடக்கிற காட்சிதான் இது. ஃபேன் நின்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறோம். குழாய் ஒழுகினால் பிளம்பர் வருகிறார். வைஃபை விஷயத்தில் அப்படி ஓர் ஆள் இல்லை. நெட் கனெக்‌ஷன் கொடுத்தவரின் பொறுப்பு சுவரில் மாட்டிய பெட்டியோடு முடிந்துவிடுகிறது. பிரின்டர் நிறுவனத்தின் சர்வீஸ் இன்ஜினீயர் மெஷினை மட்டும் பார்ப்பார். இந்த இரண்டுக்கும் நடுவே, வீட்டுக்குள் ஓடுகிற நெட்வொர்க்கைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ள யாரும் கிடையாது. பிள்ளைகளின் படிப்பு, வங்கி, வேலை, சிசிடிவி, டிவி எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. இந்த இடைவெளிக்கு நம் குடும்பங்கள் நேரமாகவும் பணமாகவும், சில வீடுகளில் மானமாகவும் விலை கொடுக்கின்றன.

ஜெராக்ஸ் கடையிலிருந்து வீட்டுக்கு

வீட்டுக்கு பிரின்டர் வந்த கதை சுருக்கமானது. கார்ட்ரிட்ஜ் காலத்தில் மெஷின் மலிவு, மை விலையோ மிரட்டும். அதனால் பல வீடுகளில் பிரின்டர் பரணுக்குப் போய்விட்டது. 2010-ல் எப்சன் நிறுவனம் இந்தோனேசியாவில் முதன்முதலாகக் கொண்டுவந்த இங்க் டேங்க் பிரின்டர், பாட்டிலில் மை வாங்கி ஊற்றிக்கொள்ளும் வழியைத் திறந்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. 2020-ல் ஊரடங்கு வந்தது. பாடம் போனுக்கு வந்தது, ஒர்க்‌ஷீட் வாட்ஸ்அப்பில் வந்தது, கடைகளோ மூடிக் கிடந்தன. ‘இருந்தால் நல்லது’ என்றிருந்த பொருள், ‘இல்லாமல் முடியாது’ என்று ஆனது அப்போதுதான்.

ஜெராக்ஸ் கடைகளைக் குறைத்துப் பேச மாட்டேன். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, சாதிச் சான்று, தேர்வு ஹால் டிக்கெட் என்று அரசாங்கம் ஆன்லைனுக்கு மாற்றிய அத்தனை காகிதங்களையும் ஏழை எளியவர் கையில் சேர்ப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ மெயிலுக்கோ ஃபைலை அனுப்புகிறோம். கடைக்காரர் டவுன்லோடு செய்து பிரின்ட் எடுத்துத் தருகிறார். காசு கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். ஃபைல் அங்கேயே இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரின் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரைத் திறந்தால் ஊரில் பாதிப் பேரின் ஆதாரும் பான் கார்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வரிசையாகக் கிடக்கும். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தாலோ, பழைய ஹார்டு டிஸ்க் கைமாறினாலோ அவரால் என்ன செய்ய முடியும்?

> ஆதார் பிரின்ட்: தெரிந்துகொள்ள வேண்டியவை
>
> இ-ஆதார் பிடிஎஃப் ஃபைலின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் (பெரிய எழுத்தில்) பிறந்த ஆண்டும் சேர்ந்தது. கடையில் அதைச் சத்தமாகச் சொல்லும்போது பூட்டையும் சாவியையும் சேர்த்தே கொடுக்கிறோம்.
>
> 2022 மே 27-ல் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இன்டர்நெட் மையங்களின் பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதாரை டவுன்லோடு செய்வதைத் தவிர்க்கவும், செய்தால் எல்லா நகல்களையும் நிரந்தரமாக அழிக்கவும் அது சொன்னது. தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று மத்திய அரசு மே 29-ல் அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றது. அறிவுரை என்னவோ இன்றும் சரியானதுதான்.
>
> கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ வசதி ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. முழு எண் கட்டாயமில்லாத இடங்களில் அதைக் கொடுத்தால் போதும்.

வீட்டில் பிரின்டர் ஒழுங்காக வேலை செய்வதை வசதி என்று மட்டும் நான் பார்க்கவில்லை. குடும்பத்தின் அந்தரங்கம் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்க அது ஒரு வழி. அதனால்தான் அந்த ‘ஆஃப்லைன்’ என்ற சொல் இவ்வளவு உறுத்துகிறது.

பெட்டியை மாட்டிய இடம்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் எங்கே பெட்டியை வைக்கிறார்? வாசல் கதவுக்குப் பக்கத்தில், அல்லது டிவிக்குப் பின்னால். வெளியிலிருந்து வரும் ஒயரை அங்கே கொண்டுவருவது சுலபம், ஸ்விட்ச் போர்டும் அருகிலேயே இருக்கும். அவர் அவசரம் அவருக்கு. அன்று அவர் துளை போட்ட இடம், வீட்டின் எந்த அறையில் பிள்ளை படிக்க முடியும் என்பதைப் பல வருடங்களுக்குத் தீர்மானித்துவிடுகிறது.

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஒரு சுவரைத் தாண்டியதுமே சோர்ந்துவிடும். 2.4-ஐ உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005-ல் திறந்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் அதே தாராளம் 2018-ல் வந்தது. வீட்டு பிரின்டர்களில் பெரும்பாலானவை 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். பிரின்டருக்கு இது ஒரு குறையே இல்லை. நூறு பக்க ஃபைலைக்கூட அந்த வேகத்தில் அனுப்பிவிடலாம். சிக்கல் முதல் நாளில்தான் வரும். செட்-அப் செய்யும் போன் 5-ல் இணைந்திருக்கும், பிரின்டர் அந்தப் பெயரையே பார்க்காது, ‘நெட்வொர்க் கிடைக்கவில்லை’ என்று நிற்கும். போனை 2.4 பெயருக்கு மாற்றிவிட்டு மறுபடி தொடங்கினால் வேலை முடிந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரூட்டர் என்றால், செட்-அப் முடியும் வரை 5-ஐ நிறுத்தி வைத்து, பிறகு போட்டுக்கொள்ளலாம்.

சுவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாமே அலையை விழுங்கும் அல்லது திருப்பி அனுப்பும். பல வீடுகளில் பிரின்டர் இருப்பது எங்கே? பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலான மூலையில். அங்கிருந்து இரண்டடி வெளியே நகர்த்தியதும் ‘பழுது’ சரியான வீடுகள் எத்தனையோ. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-ஐ ஒட்டிய அலையில்தான் இயங்குகிறது. சமையலறைச் சுவரை ஒட்டி ரூட்டர் இருந்தால், அடுப்பு ஓடும் நேரத்தில் நெட் தடுமாறுவது அதனால்தான்.

தெருவுக்குத் தெரு நீளும் செட்டிநாட்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் இருக்கும் ஒரு ரூட்டர், வளவு தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டி, பின்கட்டு அறைக்கு எப்படிப் போகும்? கும்பகோணத்து அக்கிரகார வீடுகளிலும் இதே கதைதான். அகலம் குறைவு, நீளம் அதிகம், நடுவே கனமான சுவர்கள். இங்கே பலரும் வாங்குவது பிளக்கில் சொருகும் ரிப்பீட்டர். ஆனால் ரிப்பீட்டர் ஏற்கெனவே தேய்ந்துபோன சிக்னலை வாங்கித்தான் திருப்பிக் கொடுக்கிறது. மலிவான மாடல்களில் வேகம் பாதியாகிவிடும். முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை பெட்டியை வைப்பதுதான் நின்று பேசும் வேலை. சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எந்த வீட்டுக்கும் அது போதும். புது வீடு கட்டுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: எலெக்ட்ரிக் பைப் பதிக்கும்போதே ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நெட்வொர்க் கேபிளையும் போட்டுவிடுங்கள். பூச்சு வேலை முடிந்த பிறகு சுவரை உடைக்க யாருக்கும் மனசு வராது.

கரன்ட் போய் வந்தால் முகவரி மாறும்

தாம்பரத்து வீட்டில் என்ன நடந்தது?

வீட்டுக்குள் வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. அதுதான் ஐபி முகவரி. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பிரின்டர் வாங்கிய அன்று அதற்கு 192.168.1.5 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப் அதைக் குறித்துக்கொண்டது. இந்த எண் இரவலாகக் கொடுக்கப்பட்டதுதான், பட்டா போட்டுத் தரப்பட்டதில்லை. கரன்ட் போனதும் எல்லாம் அணைந்தன. வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு ரூட்டரிடம் எண் கேட்டன. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலை அணைந்ததும் மறந்துவிடும் ரூட்டர்கள் நிறைய உண்டு. டிவி முந்திக்கொண்டு 5-ஐ வாங்கிவிட்டது. பிரின்டருக்கு 9 கிடைத்தது. லேப்டாப் இன்னமும் 5-ம் எண் வீட்டுக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது. பதில் இல்லை. அதனால் ‘ஆஃப்லைன்’.

அப்படியானால் பிரின்டர் நன்றாகத்தான் இருக்கிறது, நெட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. இருவருக்கும் இடையே முகவரிதான் தொலைந்துவிட்டது. சில நேரம் இன்னொன்றும் நடக்கும். ரூட்டர் முழுதாக எழுந்து நிற்க ஓரிரு நிமிடம் ஆகும், பிரின்டர் அதற்கு முன்பே எழுந்து, தேடிப் பார்த்துவிட்டு, அலுத்து நின்றுவிடும். பிரின்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் அது தனக்குத் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

இதற்குத் தீர்வு ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய வேலை. ரூட்டரின் அடிப்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ரூட்டரின் உள்பக்க முகவரியும் யூசர் நேம், பாஸ்வேர்டும் அச்சிட்டிருக்கும். பிரவுசரில் அந்த முகவரியை அடித்து உள்ளே போனால், ‘டிஹெச்சிபி’ என்ற பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஐபி பைண்டிங்’ என்ற வசதி இருக்கும். அதில் பிரின்டரைத் தேர்ந்தெடுத்து ஓர் எண்ணை எழுதிவைத்துவிட்டால், அதன் பிறகு எத்தனை முறை கரன்ட் போனாலும் அந்த எண் வேறு யாருக்கும் போகாது. கம்ப்யூட்டரில் பழைய பிரின்டர் பதிவை நீக்கிவிட்டு, ‘டிசிபி/ஐபி முகவரி வழியாகச் சேர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அந்த எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது பல நேரம் ‘டபிள்யூஎஸ்டி’ என்ற வழியில் சேர்த்துவிடுகிறது. அடிக்கடி பிரின்டரைத் தொலைப்பது அந்த வழிதான்.

ஏறக்குறைய கால் மணி நேர வேலை. இதை இணைப்பு கொடுக்க வருபவரும் சொல்லித் தருவதில்லை, பிரின்டர் விற்கும் கடையிலும் சொல்லித் தருவதில்லை. மின்தடை அதிகமுள்ள ஊர்களில் பிரின்டர் பெட்டிக்குள்ளேயே தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துப் போட்டால் என்ன குறைந்துவிடும் இந்த நிறுவனங்களுக்கு? இருபது மொழிகளில் பாதுகாப்பு எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு நிஜமாகத் தேவைப்படுகிற ஒரு பக்கத்தைக் காணோம்.

> ‘ஆஃப்லைன்’ காட்டினால்...
>
> முதலில் வரிசையில் நிற்கும் பழைய பிரின்ட்களை ரத்து செய்யுங்கள். ரூட்டரை மட்டும் அணைத்துப் போட்டு, வைஃபை வரும் வரை பொறுங்கள். அதன் பிறகு பிரின்டரை அணைத்துப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம்.
>
> பிரின்டரின் மெனுவிலோ தகவல் பட்டனிலோ ‘நெட்வொர்க் ரிப்போர்ட்’ ஒரு பக்கம் அச்சாகும். அதில் ஐபி முகவரியைப் பாருங்கள்.
>
> அந்த எண்ணை லேப்டாப் பிரவுசரில் அடியுங்கள். பிரின்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் நெட்வொர்க் சரி, கோளாறு கம்ப்யூட்டரின் பதிவில் இருக்கிறது. திறக்கவில்லை என்றால் பிரின்டரும் லேப்டாப்பும் ஒரே நெட்வொர்க்கில் இல்லை.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘ரோட்டில் ஃபைபர் அறுந்துபோச்சு, நெட் இல்லை, அதனால் பிரின்ட் எடுக்க முடியாது’ என்று பலர் நினைக்கிறார்கள். லேப்டாப்பிலிருந்து பிரின்டருக்குப் போகும் ஃபைல் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. ரூட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். இன்டர்நெட் இணைப்பு இருந்தால்தான் அச்சடிப்பேன் என்கிற சில மாடல்களும் சந்தையில் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் பெட்டியில் இருப்பதை நிதானமாகப் படித்துவிடுங்கள். சொந்த வீட்டில், சொந்த மெஷினில், சொந்தப் பேப்பரில் அச்சடிக்க வெளியூர் சர்வரின் அனுமதி எதற்கு?

ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க்

நம் ஊரில் அடிக்கடி வரும் இன்னொரு கோளாறு இது. கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் பெட்டியே வைஃபை கொடுக்கும். சிக்னல் போதவில்லை என்று நாம் கடையில் ஒரு ரூட்டர் வாங்கி, அதன் பின்னால் சொருகுகிறோம். இப்போது வீட்டில் இரண்டு வைஃபை பெயர்கள். இரண்டிலும் யூடியூப் ஓடுகிறது, அதனால் எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. உண்மையில் இரண்டாவது ரூட்டர் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கி, குறுக்கே சுவர் எழுப்பிவிட்டது. ஹாலில் இருக்கும் பிரின்டர் பழைய பெட்டியில், மாடியில் இருக்கும் போன் புதிய ரூட்டரில் என்றால் போன் பிரின்டரைக் கண்டுபிடிக்கவே முடியாது. கடையில் வாங்கிய ரூட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட் மோடு’க்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகும். மாற்றத் தெரியவில்லை என்றால், எல்லாக் கருவிகளையும் ஒரே பெயரில் சேர்த்துவிடுங்கள்.

‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்பதும் அப்படித்தான். விருந்தாளிகளின் போன் நம் கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது இருக்கிறது. அதில் பிரின்டரைச் சேர்த்துவிட்டுத் தேடினால் கிடைக்காது.

நெட் கம்பெனி மாறும்போது நடக்கும் கூத்து தனி. புதுப் பெட்டி, புதுப் பெயர், புது பாஸ்வேர்டு. டிவி, கேமரா, பிரின்டர், டேப்லெட் எல்லாவற்றிலும் உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டும். புதிய ரூட்டருக்கும் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே எழுத்துப் பிசகாமல் வைத்துப் பாருங்கள். வீட்டுக் கருவிகள் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். பழைய பிரின்டர் மட்டும் சேரவில்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பார்க்க வேண்டும். புது ரூட்டர்கள் சில டபிள்யூபிஏ3-ல் வருகின்றன. 2018-க்கு முந்தைய பிரின்டர்களுக்கு அது தெரியாது. டபிள்யூபிஏ2-வும் 3-ம் கலந்த நிலையில் வைத்தால் இரண்டு தலைமுறையும் ஒத்துப்போகும்.

போனிலிருந்து நேரே

இன்று வீட்டில் பிரின்ட் கேட்பது பெரும்பாலும் போன்தான். ஐபோனுக்கு 2010-ல் ஏர்பிரின்ட் வந்தது. ஆண்ட்ராய்டு பக்கம், கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் நிறுவனங்கள் 2013-ல் சேர்ந்து தொடங்கிய மோப்ரியா அமைப்பின் முறை பரவியது. இந்த இரண்டு பெயர்களும் பிரின்டர் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், தனி டிரைவரோ செயலியோ இல்லாமல் வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்-ஐத் திறந்து அப்படியே ‘பிரின்ட்’ கொடுக்கலாம். கூகுள் கிளவுட் பிரின்ட் என்று ஒன்று இருந்தது. அதை நம்பி மெஷின் வாங்கியவர்கள் ஏராளம். 2020 டிசம்பர் 31-ல், வீடுகளுக்கு அது மிகவும் தேவைப்பட்ட காலத்தில், கூகுள் அதை மூடிவிட்டது. ஒரே நிறுவனத்தின் சேவையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

போனில் பிரின்டர் தெரியவில்லை என்று புகார் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது, போன் மொபைல் டேட்டாவில் இருக்கிறதா என்பதை. சிக்னல் குறைந்தால் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அந்த நேரம் அது உங்கள் வீட்டு நெட்வொர்க்கிலேயே இல்லை.

பூட்டாத கதவு

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு. அதற்குச் சற்று முன்பு ஊடக நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் போயிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீஸ், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வைஃபை சரியான பாதுகாப்பில்லாமல் கிடந்தது, யாரோ அதில் நுழைந்து மெயிலை அனுப்பியிருந்தார்கள். நாடே பேசிய விசாரணைக்கு அவர் உள்ளாக நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பு மெயிலும் மும்பையில் வேறொருவரின் வைஃபை வழியாகவே போனது. வைஃபையைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2009-ல் அறிவுறுத்தியது இந்தப் பின்னணியில்தான்.

உங்கள் இணைப்பு வழியே எது போனாலும், வெளியுலகுக்குத் தெரிவது உங்கள் முகவரிதான். அடுத்த வீட்டுப் பையனுக்கு பாஸ்வேர்டு கொடுப்பதில் தவறில்லை, நம் ஊர் வழக்கம் அது. மேல் போர்ஷனில் குடியிருப்பவர்களோடு ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்காரர்களும் நிறைய. ஆனால் அப்படிப் பகிரும்போது அவர்களுக்கு உங்கள் பிரின்டரும் தெரியும், கேமராவும் தெரியும். குடித்தனக்காரர் காலி செய்து போன பிறகும் பாஸ்வேர்டு அவர் போனில் இருக்கும். அந்த இடத்துக்குத்தான் கெஸ்ட் நெட்வொர்க்.

பிரின்டருக்கே இன்டர்நெட்டிலிருந்து ஆள் வந்த கதையும் உண்டு. 2018 நவம்பர் கடைசியில், உலகெங்கும் சுமார் 50,000 பிரின்டர்கள் திடீரென்று தாமாக ஒரு பக்கத்தை அச்சடித்துத் துப்பின. பியூடிபை என்ற யூடியூபருக்கு சந்தாதாரராகுங்கள் என்று அதில் இருந்தது. அவரை முந்தப் பார்த்தது நம்முடைய டி-சீரிஸ் சேனல்! இதைச் செய்தவர் பெரிய பூட்டு எதையும் உடைக்கவில்லை. இன்டர்நெட்டைப் பார்த்தபடி 9100 என்ற போர்ட் திறந்து கிடந்த பிரின்டர்களைப் பட்டியல் எடுத்து, ஃபைலை அனுப்பினார். அவ்வளவுதான். வீட்டு ரூட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பக்கம் போய் எதையும் திறந்துவிடாமல் இருந்தால் இந்த ஆபத்து அநேகமாக வராது. ஊரிலிருந்து சிசிடிவி பார்ப்பதற்காக யாராவது எதையாவது திறந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

ரூட்டர் உள்பக்கத்தின் பாஸ்வேர்டு ‘அட்மின்’ என்றே இருந்தால் இன்றே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பாஸ்வேர்டுக்குப் பதிலாக 8 இலக்க எண்ணைக் கொடுத்து வைஃபையில் சேரும் ‘டபிள்யூபிஎஸ் பின்’ முறையை நிறுத்திவிடுங்கள். அதை எண் எண்ணாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது.

‘கஸ்டமர் கேர்’ தேடும் இரவு

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறு. ‘ஆஃப்லைன்’ காட்டுகிறது, நேரமாகிவிட்டது, பிள்ளை அழுகிறது. அப்பா போனில் பிரின்டர் கம்பெனி பெயரையும் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்பதையும் அடித்துத் தேடுகிறார். முதலில் வரும் எண்ணைக் கூப்பிடுகிறார். மறுமுனையில் மரியாதையான குரல். ‘ஸ்கிரீன் ஷேரிங் செயலி ஒன்றைப் போடுங்க சார், நாங்களே சரி பண்ணித் தர்றோம்.’ அடுத்து, ‘பத்து ரூபாய் மட்டும் ரெஜிஸ்ட்ரேஷன்.’ அந்தப் பத்து ரூபாயைக் கட்டும்போது அவர் விரல் தொடுகிற ஒவ்வொரு எழுத்தும் அந்தப் பக்கம் தெரிகிறது.

போலி கஸ்டமர் கேர் மோசடி பிரின்டருக்கு மட்டும் உரியது இல்லை. ஆனால் பிரின்டர் அதற்கு வாகான வாசல். அவசரம் இருக்கும், பழுது என்னவென்று புரியாது, கேட்க ஆள் இருக்காது. எண் வேண்டுமென்றால் மெஷினோடு வந்த வாரண்டி அட்டையில் இருப்பதையோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருப்பதையோ மட்டும் எடுங்கள். டிரைவர் டவுன்லோடும் அங்கிருந்துதான். வீட்டு பிரின்டரைச் சரிசெய்ய வங்கிச் செயலியைத் திறக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு, பணம் கைமாறுவதற்குள் தடுக்க.

யார் கையில் இருக்க வேண்டும்?

பல குடும்பங்களில் இந்த அறிவு ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கிறது. பெரும்பாலும் மூத்த மகன் அல்லது மருமகன். அவர் சிங்கப்பூருக்கோ சியாட்டிலுக்கோ போய்விட்டால், அறுபத்தைந்து வயதுப் பெற்றோர் பென்ஷனுக்கான ஒரு படிவத்தை அச்சடிக்க அவர் தூங்கி எழும் வரை காத்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பெண்களிடம் யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. டியூஷன் எடுத்து, கேள்வித்தாள் அச்சடித்து, அந்தப் பிரின்டரை வீட்டிலேயே அதிகம் பயன்படுத்துபவர் அந்த அம்மாவாகத்தான் இருப்பார். ரூட்டரின் பாஸ்வேர்டு மட்டும் அவருக்குத் தெரியாது.

கேஸ் புக், ஈபி கார்டு வைக்கிற இடத்தில் ஒரு காகிதம் போதும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, ரூட்டர் உள்பக்க முகவரி, அதன் பாஸ்வேர்டு, பிரின்டருக்கு ஒதுக்கிய எண், நெட் கொடுத்தவரின் போன். கையால் எழுதி வையுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். ரூட்டருக்கென்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மின்தடை நேரத்திலும் ரூட்டர் அணையாமல் இருந்தால் முகவரிக் குழப்பத்தில் பாதி வராது.

> வாங்கும் முன்
>
> மாதத்துக்கு நாலைந்து பக்கம்தான் என்றால் இங்க் பிரின்டர் வேண்டாம், மை காய்ந்து முனை அடைத்துக்கொள்ளும். கறுப்பு-வெள்ளை லேசர் மேல். டோனர் என்பது பொடி, காயாது.
>
> இங்க் டேங்க் இருந்தால் வாரம் ஒரு கலர் பக்கமாவது அச்சடியுங்கள். பட்டனில் அணைத்த பிறகே பிளக்கை அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும்.
>
> ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதுவும் பக்கத்திலேயே என்றால் யூஎஸ்பி கேபிள் போதும். கேபிள் பழசு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.
>
> பிரின்டரில் நெட்வொர்க் கேபிள் சொருகும் துளை இருந்து, ரூட்டரும் அருகில் இருந்தால் வைஃபையே வேண்டாம். ஒயரில் கொடுங்கள். போன்கள் வழக்கம்போல வைஃபை வழியாகவே அச்சடிக்கும்.

கடைசியாக, எக்ஸ்சேஞ்ச் சீசனில் யாரும் சொல்லாத ஒன்று. பழைய பிரின்டரைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்கும்போது, அதற்குள் உங்கள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கின்றன. ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் மாடல் என்றால் மெயில் முகவரிகளும் இருக்கும். செட்டிங்ஸில் ‘ரீஸ்டோர் ஃபேக்டரி டிஃபால்ட்ஸ்’ கொடுத்து, அது முடிந்ததும் நெட்வொர்க் ரிப்போர்ட்டை இன்னொரு முறை அச்சடித்துப் பாருங்கள். வைஃபை பெயருக்கு நேரே காலியாக இருக்க வேண்டும். ஸ்கேனர் கண்ணாடியின் மூடியையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ரேஷன் கார்டோ பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோ அங்கேயே இருக்கலாம்.